பல்லுக்குள் புழு

எனக்கு இருபத்தாறு வயதில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. மேல்வரிசைப் பல். மேல்பல்லைப் பிடுங்கினால் அந்தப் பக்கத்துக் கண் போய்விடும் என்று எங்கள் தெருவே நம்பியது. வாத்தியாரம்மாவான நானும் நம்பினேன். கண் போனால் கரும்பலகை ஏது, சம்பளம் ஏது?

அதனால் ரெட்டியார்சத்திரம் பக்கம் பல்புழு எடுக்கும் ஓர் அம்மாளிடம் போனேன். தண்ணீர்ச் சட்டியின் நடுவே பழுக்கக் காய்ச்சிய கலப்பைக் கொழுவை நிறுத்தி, அதன்மேல் நெய்யில் பிசைந்த கண்டங்கத்திரி விதையைப் போட்டார். நான் வாயைத் திறந்துகொண்டு புகைமேல் குனிந்தேன். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் மிதந்தன. இரண்டு நாள் வலியில்லை. மூன்றாம் நாள் கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது.

என் வீட்டுக்காரர் வம்படியாகத் திண்டுக்கல் பல் டாக்டரிடம் இழுத்துப்போனார். புழுக் கதையைக் கேட்டு டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பல் வைத்தியத்தின் வரலாறு. சீமையிலும் இதேபோல விதைப் புகை போட்டுப் புழு எடுத்தார்களாம். இருநூறு வருஷத்துக்கும் முன்பு, பல்லுக்கென்றே பெரிய நூல் எழுதிய ஒரு பிரெஞ்சு வைத்தியர், சொத்தைப் பல்லை உருப்பெருக்கியில் வைத்துத் தேடியும் புழுவைக் காணோம் என்று எழுதிவைத்தாராம்.

நான் என் கண்ணால் பார்த்தேன் என்றேன்.

"பாத்திருப்பீங்க. வாயைக் காட்டாம ஒருக்கா புகையப் போட்டுப் பாருங்கம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீக்கத்துக்கு மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாளே வேலியோரத்தில் கண்டங்கத்திரி பறித்து, புறவாசலில் அதேபோலப் புகை போட்டு, நாலடி தள்ளி நின்றேன். விதைகள் படபடவென்று வெடித்தன. தண்ணீரில் அதே வெள்ளைப் புழுக்கள். எல்லாம் வெடித்த விதைக்குள்ளிருந்து தெறித்து விழுந்த முளை.

வீட்டுக்காரர் சட்டியை எட்டிப்பார்த்தார். "இம்புட்டுப் புழுவும் எந்தப் பல்லுல இருந்துச்சு?"

வெட்கமாக இருந்தது. புழு பொய்யென்றால் கண் போகும் என்பதும் பொய்யாகத்தானே இருக்கும்? அப்படி யோசித்தும் பயம் போகவில்லை. வீக்கம் வடிந்ததும் நானே போய் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பல் வெளியே வந்ததும், வாயில் பஞ்சோடு, அதை உடைத்துக் காட்டும்படி சைகை செய்தேன். டாக்டர் இரண்டாக உடைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியும் தந்தார். நல்ல பக்கத்துக் கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கிய பக்கத்துக் கண்ணால் பார்த்தேன். கறுத்த ஓட்டை ஒன்று. உள்ளே புழு இல்லை. இல்லை என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.