படம் எடுத்தால்தான் சோறா?

மத்தியானத்தில் இருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை.

எங்கள் கிறிஸ்தவ சபையில் கிழமைக்கு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோவோம். நோயாளிகளுக்குத் துணையாக நிற்பவர்களுக்குத்தான். எந்த மதத்தவரும் யோசிக்காமல் சாப்பிடட்டும் என்று மரக்கறியும் பருப்பும் மட்டுமே சமைப்போம்.

இன்று கமிட்டி அண்ணர் ஒருவரும் எங்களோடு வந்தார்.

பிள்ளைகள் வார்டு வாசலில் ஒரு முஸ்லிம் தாய் நின்றார். மகனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் இருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

அண்ணர் ஒரு கையால் பார்சலை நீட்டினார், மறுகையால் போனைத் தூக்கினார். "கொஞ்சம் சிரிச்சிக்கொண்டு இஞ்ச பாருங்க."

அந்தத் தாய் முக்காட்டை இழுத்து முகத்தை மூடினார். "படம் வேணாம் தம்பி. எண்ட புள்ள இப்பிடிக் கிடக்கக்குள்ள எப்பிடிச் சிரிக்கிற?"

"படம் இல்லாமக் குடுக்கேலா" என்று அண்ணர் பார்சலைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

நான் பார்சலைப் பிடுங்கி அந்தத் தாயின் கையில் வைத்தேன்.

"ஏன் அண்ண, இயேசு அப்பம் குடுக்கக்குள்ள ஆர் படம் எடுத்த?"

வார்டே திரும்பிப் பார்த்தது.

ஊழியத்துக்கு இடைஞ்சல் செய்தேனாம். பின்னேரம் சபை வாட்ஸ்அப் குழுவில் இருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

நீக்கட்டும். அடுத்த கிழமை என் வீட்டு அடுப்பில் சமைப்பேன். தேங்காய் துருவ ஆள் வேண்டும், வருகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். கமிட்டிக்காரர் என்றாலும் பரவாயில்லை, துருவத் தெரிந்தால் சரி.