கிராணி காப்ரியலின் துரை ரத்தம்

மலாயாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதிய கிராணி காப்ரியல், துரையாகப் பிறந்திருக்க வேண்டியவர். ஏதோ கைத்தவறுதலாகத் தமிழர் வீட்டில் பிறந்துவிட்டார் என்பது அவருடைய எண்ணம். காலையில் ரொட்டியும் வெண்ணெயும், மதியம் மாட்டிறைச்சி, மாலையில் பைப். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துச் சனங்களின் கஞ்சியைக் கண்டாலே கைக்குட்டை மூக்குக்குப் போகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கில், ஆபீஸ் மேடு ஏறும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்தது. மனைவி லில்லியன் அவரைக் கிள்ளானுக்கு இழுத்துப் போனாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது.

"இதயக் குழாய் ரொம்ப அடைச்சிருக்கும்போல. இப்படிப்பட்ட ரத்தத்தை வெள்ளைக்காரங்ககிட்டதான் பார்த்திருக்கேன்."

அதற்குமேல் டாக்டர் சொன்ன எதுவும் காப்ரியல் காதில் ஏறவில்லை. "நமக்கு ஓடறது துரை ரத்தம் லா!" என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

மீதியைக் கேட்டவள் லில்லியன்தான். வெண்ணெயையும் இறைச்சியையும் விட்டுவிட்டுக் கஞ்சியும் கீரையும் சாப்பிடாவிட்டால் ஆள் தங்கமாட்டார். அழுதாள், சண்டை போட்டாள். ஒருநாள் பாதி மேட்டில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் மனிதர் வழிக்கு வந்தார்.

"குடிச்சுத் தொலைக்கிறேன். ஆனா நம்ம அடுப்பில கஞ்சி கொதிக்கக் கூடாது. வெளியில மூச்சு விடாதே."

அது மலாயாவில் வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். சோறு காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரு பிடி சோறு வேலி தாண்டினாலும் ஜெயில். கிராணி வீடோ வேலிக்கு வெளியே. லயத்து வேலம்மாவிடம் கஞ்சி வாங்கி, பிஸ்கட் டின்னில் ஒளித்து, லில்லியன் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள், ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, கேட்டில் மாட்டிக்கொண்டாள்.

"யாருக்கும்மா இந்தக் கஞ்சி?" என்றார் போலீஸ்காரர்.

லில்லியன் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பக்கத்தில் நின்ற காப்ரியல், மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். போலீஸ் லோரியின் பின்கதவு திறந்தது. அவள் ஒரு காலைத் தூக்கி வைத்தாள்.

"எனக்குத்தான்," என்றார் காப்ரியல்.

போலீஸ்காரர் சிரித்தார். "நீங்களா? துரை ரத்தம்னு தோட்டத்துக்கே தெரியும் லா. சம்சாரத்துக்காகப் பொய் சொல்லாதீங்க, கிராணி."

அவர் அடித்த தம்பட்டமே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. காப்ரியல் டின்னைப் பிடுங்கினார். துரை பார்க்க, மொத்தப் பெரட்டும் பார்க்க, மடக்மடக்கென்று குடித்தார். மீசையெல்லாம் கஞ்சி. வெட்கம் பிடுங்கித் தின்றது. போலீஸ்காரருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஒரு நாள் யாரும் குடிக்கலாமே.

கூட்டத்திலிருந்து வேலம்மா கேட்டாள்: "உப்பு போதுங்களாய்யா?"

காப்ரியல் துரையைப் பார்த்தார். லோரியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்ற லில்லியனைப் பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்:

"நேத்து சரியா இருந்துச்சு, வேலம்மா. இன்னைக்குத்தான் கொஞ்சம் தூக்கல்."