யானைக்கு ஓட்டுப் போட்ட டோரத்தி

1988 நவம்பர் 5, சனிக்கிழமை. பகல் இரண்டே கால் மணிக்கு, ஒரு வாரப் பயணமாக டொரொன்டோவில் இறங்கினேன். சென்னைக் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனாக இருந்த யாழ்ப்பாணத்துச் சிவநேசன் கார் கொண்டு வந்திருந்தான். ஸ்காபரோவில் அஜின்கோர்ட் பக்கம் இருக்கும் அவன் வீட்டுக்கு முப்பது கிலோமீட்டராவது இருக்கும். வழியில் ஒரு கடையில் அறுபது சென்டுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். செம்பு நிறைய இருந்தது. வீட்டு முற்றங்களிலெல்லாம் நீலமும் சிவப்பும் ஆரஞ்சுமாக அட்டைகள் நட்டிருந்தார்கள். 21ஆம் தேதி கனடாவில் தேர்தலாம். எனக்குத் தேர்தல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். திருநெல்வேலியில் இருபது வருஷம் வார்டுச் செயலாளராக இருந்தவன்.

ஆனால் சிவநேசன் வீட்டில் அந்தத் தேர்தலைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் கவலையெல்லாம் எட்டாம் தேதி அமெரிக்காவில் நடக்கவிருந்த தேர்தல் மேல். சிவநேசனின் மனைவி யோகத்துக்கு ஒரு தம்பி, ரவி. அமெரிக்கா வழியாக வந்து கனடா எல்லையில் அடைக்கலம் கேட்டிருக்கிறான். விசாரணை பத்தாம் தேதி வியாழக்கிழமை, அதுவரை அந்தப் பக்கமே இரு என்று திருப்பிவிட்டார்கள். நூற்றறுபது கிலோமீட்டர் தள்ளி பஃபலோ நகரில், டோரத்தி என்ற தேவாலயத்து அம்மாள் தன் வீட்டில் அவனுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார். அந்த அறை போனால், அமெரிக்க அதிகாரிகள் அவனைப் பிடித்துக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடலாம்.

அங்கே என்னென்ன சின்னம் என்றுதான் நான் முதலில் கேட்டேன். ஆளுங்கட்சிக்கு யானை, எதிர்க்கட்சிக்குக் கழுதை என்றான் சிவநேசன். அகதிகளுக்கு உதவுகிற தேவாலயக்காரர்கள் எல்லோரும் கழுதைக் கட்சி, யானை வென்றால் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று ஸ்காபரோ முழுக்கப் பேச்சு. அவனும் அதை அப்படியே நம்பினான். பஃபலோ தொலைக்காட்சி இங்கே நன்றாகவே தெரிகிறது. அன்று மாலை ஓட்டில்லாத நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து அமெரிக்கப் பிரசார விளம்பரங்களைப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு டோரத்தியே வந்தார். ஸ்காபரோத் தேவாலயம் ஒன்றில் கூட்டு வழிபாட்டுக்கு வந்தவர், ரவி எழுதிய கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. யோகம் மிளகாய் போடாமல் சொதி வைத்து, இடியப்பம் அவித்திருந்தாள். அவர் கழற்றித் தந்த கோட்டை மாட்டப் போனவள் நேரே சமையலறைக்குள் போய்ச் சிவநேசனைக் கூப்பிட்டாள். எனக்கு எப்போதும் அடுத்தவர் பேச்சில் ஒரு காது உண்டு, பின்னாலேயே போனேன்.

"இஞ்சேருங்கோ, அவவின்ர கோட்டிலை யானைச் சின்னம் குத்தியிருக்கு."

"எண்பத்துமூண்டிலை கொழும்பிலை எங்கட கடை எரியேக்கை ஆட்சியிலை இருந்தவங்கட சின்னமும் உதுதான்," என்றான் சிவநேசன் என்னிடம்.

பிறகு அவன் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாமித் தட்டிலிருந்த பிள்ளையார் படத்தை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். இந்த வீட்டில் நாங்கள் பரம்பரையாக யானையின் பக்கம், ஓட்டிருந்தால் யானைக்கே போடுவோம் என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டான். டோரத்தி படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். நீங்கள் எதற்கோ பயப்படுகிறீர்கள் என்றார். யோகம்தான் சிவநேசனைப் பார்த்துச் சொன்னாள்.

"அவவிட்டைக் கேளுங்கோ. செவ்வாய்க்கிழமை அவவின்ர ஆக்கள் வெண்டா, தம்பி எங்கை படுப்பான்?"

சிவநேசன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான்.

"இப்போது படுக்கிற கட்டிலில்தான். கட்சியின் சார்பில் நான் வாக்குறுதி தர முடியாது. கட்டில் என்னுடையது," என்றார் டோரத்தி.

யோகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள். எனக்குத்தான் கேள்வி நிற்கவில்லை. உங்கள் போதகர் சொல்கிறவருக்குத்தானே எல்லோரும் போடுவீர்கள் என்றேன். அவர் சிரித்தார். போதகர் வாயைத் திறந்தால் பாதிப் பேர் வேறு தேவாலயம் தேடிப் போய்விடுவார்களாம். வெளியாட்கள் வந்து கார்க் கண்ணாடிகளில் துண்டுப் பிரசுரம் செருகுவார்களாம். சிலர் படிப்பார்கள், சிலர் எல்லோரும் பார்க்கக் கிழித்துப் போடுவார்கள். வயிற்றிலிருக்கும் பிள்ளையைக் கலைப்பது வேதத்துக்கு விரோதம், யானைக் கட்சியும் அதையே சொல்கிறது, அதனால் என் ஓட்டு யானைக்கு என்றார். அவரோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ஃபிராங்க் என்பவர், அதே வேதத்தில் ஏழைகளைப் பற்றி வரும் வசனங்களைச் சொல்லிக் கழுதைக்குப் போடுகிறாராம். போன தேர்தலில் இருவரும் போட்ட சண்டையில் ஃபிராங்கின் மனைவி வேறு பெஞ்சுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ரவிக்கான கட்டிலை மாடிக்குத் தூக்கியது டோரத்தியும் அந்த ஃபிராங்கும்தான்.

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கெல்லாம் யானை வென்றுவிட்டது என்று பஃபலோ தொலைக்காட்சி சொல்லிவிட்டது. யோகம் உடனே ரவிக்குத் தொலைபேசி போட்டாள். டோரத்தி கை தட்டினாராம். தட்டி முடித்து, வியாழக்கிழமைக்கு உன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாயா என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதே யோகம் அழுதாள்.

வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு ரவி கதவைத் தட்டினான். விசாரித்துக் கனடாவுக்குள் விட்டுவிட்டார்கள், பஸ் பிடித்து வந்திருந்தான். டோரத்தியும் ஃபிராங்கும் சேர்ந்தே அவனை எல்லைப் பாலத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டார்களாம். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கேல்லை அண்ணை. தேர்தல் கதை வந்திடும் எண்டு ரண்டு பேரும் வழி முழுக்கக் கோயில் பாட்டுப் பாடினவை."

வெள்ளிக்கிழமை கிளம்பினேன். விமானத்தில் ஊர் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் வார்டில் வெள்ளம் வந்தபோது, கூரை வேய ஓலை வேண்டுவோர் பட்டியல் என் கையில் இருந்தது. எதிர்க்கட்சிக்காரர் முருகையா மழையில் நனைந்துகொண்டு வந்து, தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். உங்கள் கட்சியில் போய்க் கேளுங்கள் என்றேன். கூட நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஊருக்குப் போனதும் அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அந்த மழைக்குப் பிறகு அவர் குடும்பம் எங்கே போயிற்று என்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை.