பச்சைத் துணி கட்டிய கத்திரிக்காய்

பால் வாங்கப் போன பேத்தி வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். "அப்பாயி, சேலம் ஆஸ்பத்திரியில செல்விச் சித்தி தவறிட்டாங்களாமா" என்றாள். அடுப்பைக்கூட அணைக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி எஸ்டேட் நர்சரியில் இருபது வருஷம் நாற்று வளர்த்தவர். எங்கள் மலையூர் வெள்ளக்கடையில் பக்கத்து வீடு. என்னைவிட இளையவர். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பூச்செடி வளர்ப்பதில் மட்டும் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு.

அவர் வாசலில் டேலியாவுக்கு நடுவே ஊதா முட்டைக்கோஸ், சாமந்தி ஓரமாகச் சிவப்புத் தண்டுக்கீரை, மஞ்சள் மிளகாய் என்று நட்டு வைப்பார்.

"ஏனுங்க செல்வி, வாசல்லயே கொழம்பு வெக்கப் போறீங்களா?" என்று கேலி பேசினேன்.

"வாங்கக்கா, உப்பு மட்டும் நீங்க கொண்டாங்க" என்று சிரித்தார்.

ஊதாவில் வெள்ளை வரி ஓடிய கத்திரி நாற்று ஒன்றும் கொடுத்தார். பூவோடு சேர்க்க மனமில்லாமல், பின்பக்கம் துவைக்கும் கல்லோரம், கூரைக்கடியில் ஊன்றிவிட்டு மறந்தேன்.

அது அவர் அம்மா வீட்டு விதை. வேறு யாரிடமும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு காயில் பச்சைத் துணி கட்டி வைப்பார். விதைக்கு விட்டது, பழுத்து மஞ்சளாகும் வரை யாரும் தொடக் கூடாது.

இந்த சீசனில் டவுனில் பூத்தட்டுப் போட்டி. கிளம்பும்போது பார்த்தால் என் தட்டு எல்லார் தட்டையும் போலத்தான் இருந்தது. செல்வி வேலைக்குப் போயிருந்தார். வேலியைத் தாண்டினேன். துணி கட்டிய காய்தான் பளபளவென்று இருந்தது. முடிச்சை அவிழ்த்து, துணியைக் குச்சியில் மாட்டிவிட்டு, காயைப் பறித்துத் தட்டின் நடுவில் வைத்தேன். முதல் பரிசாக எவர்சில்வர் தூக்கு கிடைத்தது. பிஞ்சுக் காய், விதைக்கு ஆகாமல் சுருங்கிப்போனது.

சாயங்காலம் செல்வி வேலியோரம் வந்து, விதைக் காயைக் காணோமே என்று கேட்டார்.

"கொரங்கா இருக்கும்" என்றேன், முகம் பார்க்காமல்.

"இருக்குமுங்க. முடிச்சவுத்து, துணியக் குச்சியில மாட்டிட்டுப் போயிருக்குதுங்க. நொம்ப மரியாதை தெரிஞ்ச கொரங்கு."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகும் அக்கா என்றே கூப்பிட்டார். அந்த வாரம் பெய்த ஆலங்கட்டி மழையில் அவர் கத்திரிச் செடிகள் எல்லாம் ஒடிந்துபோயின. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தூக்கைக் காட்டிப் பேத்திகளிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

போன வாரம், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் வந்தார். "எங்கூட்டுல தண்ணி வரலீங்க அக்கா, உங்க கல்லுல ரெண்டு துணி தொவச்சுக்கறேன்" என்று பின்பக்கம் போனார்.

அடக்கம் முடிந்து, தலை முழுக நானும் பின்பக்கம் போனேன். நான் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாத அந்தச் செடியில் ஒரே ஒரு காய் தொங்கியது. அதில் பச்சைத் துணி கட்டியிருந்தது. என் கை அவிழ்த்த அதே துணி.

செல்வி, அந்தக் குரங்கு நான்தானுங்க. உங்கள் காரியத்தன்று எல்லார் முன்னாலும் இந்த எழுத்தை வாசிக்கப் பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். காய் மஞ்சளாகட்டும். விதையை உங்கள் வாசலில், டேலியாவுக்கு நடுவே, நானே ஊன்றுகிறேன். அதுவரை முடிச்சைத் தொட மாட்டேன். போய் வாங்க.