யமுனாவின் இரும்புத் தூரி

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலையில் காத்ரி மலையைவிட்டுக் கிளம்பினாள். செம்மேட்டில் பஸ் நிரம்பி வழிந்தது. விழாவுக்கு ஏறி வந்த கூட்டம் முழுக்க அன்றுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. காத்ரிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்ததே பெரிய காரியம். மடியில் சாமைப் பை, காலடியில் யாருடைய பலாப்பழமோ. பஸ் நகர ஆரம்பித்ததும் தலையை வெளியே நீட்டி, ஒரு மாதத்தில் கற்ற தமிழில் கத்தினாள்.

“யமுனா! கயிறு வேண்டாம்! இரும்பு! காலைக் கட்டு!”

பஸ்ஸுக்குள் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார்: “ஏனுங்க, அந்த வெள்ளக்காரப் புள்ள இரும்பு யாவாரமுங்களா?”

யமுனா சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். பஸ் முதல் வளைவில் மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். எப்படியாவது அந்த உச்சியைத் தாண்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது அவள் மனத்தில் இருந்தது.

எந்த உச்சி என்று சொல்ல வேண்டுமானால் முந்தின நாளுக்குப் போக வேண்டும்.

காத்ரி எஸ்தோனியாக்காரி. சிறுதானியம் பற்றித் தெரிந்துகொள்ள வந்து, மலையூர்த் தொகுதிகளில் ஒன்றான திருப்புலி நாட்டில் யமுனாவின் வீட்டில் ஒரு மாதம் தங்கினாள். யமுனாவின் மாமியார் நஞ்சம்மாளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டாம் நாளே அவளைக் ‘காத்தாயி’ ஆக்கிவிட்டார். ஆடிப்பெருக்கன்று ஊரின் பெரிய பலா மரத்தில் தூரி கட்டினார்கள். ஊஞ்சலை அங்கே தூரி என்றுதான் சொல்வார்கள். எதிர்க்கிளையில் ஒரு வாழைச் சீப்பு தொங்கும். நின்றபடி ஆடி, காலால் அதைத் தொடுகிறவளுக்கு அந்தச் சீப்பு. அதே மலையின் குண்டூர் நாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து அது யமுனாவுக்குத்தான். மிளகுக் காலத்தில் ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து, அதன் கணுக்களில் கால் வைத்து உச்சிவரை ஏறுகிற கால்கள் அவை. உட்கார்ந்து எழுந்து அவள் உந்துவதைப் பார்த்தால், அந்தப் பலா மரம்தான் அவளைத் தூக்கி எறிந்து விளையாடுகிறதோ என்று தோன்றும்.

ஆனால் கிளை மட்டத்துக்கு மேலே போனதும் கயிறு தொய்ந்துவிடும். ஒரு வெட்டு வெட்டிக் கீழே இழுக்கும். ஒவ்வொரு வருஷமும் சீப்பை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அவளுக்கு உள்ளே ஒரு குறை. அதற்கு மேலே என்ன இருக்கிறது?

அன்று மாலை காத்ரி போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். இரும்புக் கம்பிகளால் ஆன, பனை உயரத் தூரி. பலகையில் ஒரு பெண் நின்று உந்தி உந்தி, உச்சியில் தலைகீழாகி, மறுபக்கம் இறங்கி முழு வட்டம் அடித்தாள். அந்த விளையாட்டுக்குப் பெயர் கீக்கிங். கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு கடினம். யார் அதிக நீளக் கம்பியில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

“கிராபிக்ஸுங்க” என்றான் யமுனாவின் கணவன் வேல்முருகன்.

“எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளும் ஆடுவார்கள்” என்றாள் காத்ரி. “பனியில் சறுக்குவோம். கூடைப்பந்து ஆடுவோம். பொண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பந்தயம். அவள் புருஷன் முதுகில் தலைகீழாகத் தொங்குவாள்.”

“சேலம் ஜில்லாவுல பாதி ஜனங்கூட இல்லாத நாடுன்னு சொன்னியே கண்ணு” என்றார் நஞ்சம்மாள். “இப்படித் தலைகீழாத் தொங்குனா எங்கிருந்து ஜனம் பெருகும்?”

எல்லோரும் சிரித்தார்கள். யமுனா மட்டும் வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லோடு ஏறி முடிந்த தை மாதத்தில் அவள் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினாள். அங்கே மாணிக்கத்தின் வெல்டிங் பட்டறை. கேட், கிரில் செய்தே அலுத்துப்போன மாணிக்கம், வீடியோவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினான்.

“அக்கா, இதுல ஏறி எவ விழுந்தாலும் போலீஸ் எங்கிட்டத்தான் வரும்.”

“நானேதான் ஏறப்போறேன். விழுந்தா நானே போய்ச் சொல்றேன், உம்மேல தப்பில்லைன்னு.”

“விழுந்த பொறகு எங்கீங்க வாய் பேசும்?” என்றான். ஆனால் அடுத்த வாரமே போர்வெல்லில் கழித்துப் போட்ட பைப்புகளையும் பழைய லாரிச் சக்கரத்து பேரிங்கையும் வண்டியில் ஏற்றி மலைக்கு வந்துவிட்டான். களத்தோரம் தூரி நின்றது. காத்ரி போனில் அளவு சொன்னாள், சொல்லும்போதெல்லாம் காலைக் கட்டச் சொல்லி நினைவூட்டினாள். பாதங்களைப் பலகையோடு இறுக்கிக் கட்டாமல் ஏறவே கூடாது.

சிக்கல் அங்கேதான் வந்தது. நஞ்சம்மாள் போய்ப் பலகையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

“உசுரோட இருக்கறவ காலைக் கட்டறதா? உங்க மாமனுக்குக் கட்டுனேனே, இந்தக் கையாலதான் கட்டுனேன். இன்னொருக்கா எங்கண்ணு முன்னால எவ காலையும் கட்ட உடமாட்டேன்.”

இறந்தவரின் இரு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டுவது வழக்கம். மாமனார் போய் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. யமுனா கட்டுவதற்கு எடுத்த கயிற்றைச் சுருட்டி வைத்தாள்.

“சரிங்கத்தெ. கட்டாமயே ஆடறேன்.”

அவள் வாழ்க்கையில் எடுத்த மோசமான முடிவு அதுதான். கயிற்றுத் தூரியில் யாரும் காலைக் கட்டியதில்லை, அந்தத் தைரியம் அவளுக்கு. கீழே கேழ்வரகுத் தாளைப் பரப்பிவிட்டு ஏறினாள். நன்றாகவே ஏறியது. கிளைக்குப் பதிலாக இருந்த குறுக்குக் கம்பி மட்டம் தாண்டியது. கம்பி தொய்யவில்லை, வெட்டவில்லை. இன்னும் இரண்டு உந்து. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தூரி ஒரு கணம் நின்றது. பாதங்கள் பலகையைவிட்டு நழுவின. கையை மட்டும் பிடித்தபடி கம்பிகளோடு சேர்ந்து வீசப்பட்டு வந்து தாளில் விழுந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது தோள் மூட்டு நழுவிவிட்டது.

அந்த வருஷம் மிளகு பறிக்க அவள் ஏறவில்லை. கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மரத்தடியில் நின்று, மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்தாள். குத்திப் பேச ஆள் பஞ்சமில்லை. “வெளிநாட்டுத் தூரி வெளிநாட்டுக்காரிக்குத்தான் ஆகும்” என்றார்கள். வேல்முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“ஆடிக்கு ஒருக்கா ஆடிப் பாரு. ஒருக்காத்தான். முடியலீன்னா அறுத்து ஆட்டுப்பட்டிக்குக் கம்பி போட்டுரலாம். என்ன சொல்ற?” என்றான்.

“சரிங்க” என்றாள்.

ஆறிய தோளை அவள் பழக்கிய விதத்தை ஊரே பார்த்தது. முதலில் காலிக் குடம், பிறகு பாதிக் குடம், பிறகு நிறை குடம். குடத்தைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு களத்தைச் சுற்றி வருவாள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் கண்ணில் நீர் வரும்.

ஆடிப்பெருக்கன்று மாணிக்கம் முள்ளுக்குறிச்சியிலிருந்து வந்தான். கையில் ஒரு பழைய தளை. பனை ஏறுகிறவர்கள் காலில் மாட்டிக்கொள்ளும் கயிற்று வளையம் அது. நுங்கு வெட்ட ஏறும் அவன் அப்பாவுடையது.

நஞ்சம்மாள் அதைப் பார்த்ததும் எழுந்தார். “மறுபடியும் கட்டறதுக்கா வந்திருக்கே?”

“அம்மா, ஒரே ஒரு கேள்விங்க. பொணத்துக்குக் காலைக் கட்டறது எதுக்கு? கீழ எறக்கறதுக்கு. எங்கப்பாவுக்குக் கட்டறது எதுக்கு? மேல ஏறறதுக்கு. யமுனாக்கா எந்தப் பக்கம் போறாங்க, நீங்களே சொல்லுங்க.”

நஞ்சம்மாள் தளையை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் முறுக்கைத் தடவினார்.

“ரெண்டா அறுத்துக் குடு. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியா. சேத்துக் கட்டமாட்டேன்.” பிறகு, “நீ கட்டாதே. நீ லூசாக் கட்டுவே” என்று சொல்லிவிட்டுக் குனிந்து, மருமகளின் பாதங்களைப் பலகையோடு தானே கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

“போய்ட்டு வா சாமி.”

“வாரேனுங்கத்தெ.”

ஊர் முழுவதும் பக்கவாட்டில் நின்று பார்த்தது. பக்கத்து வீட்டுப் பானுமதி போனில் படம் எடுத்தாள். யமுனா அவசரப்படவில்லை. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, காற்றை நெய்வதுபோல் ஏறினாள். உச்சிக்குப் பக்கத்தில் போன தடவைபோலவே தூரி நின்றது. தோள் ‘சுருக்’ என்றது. பாதம் அசையவில்லை. தலைக்கு மேலே குச்சிக்கிழங்குக் காடு, காலுக்குக் கீழே வானம். ஊரே வௌவால் கூட்டம்போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முழங்காலை ஒரு விரற்கடை நிமிர்த்தினாள். தூரி மறுபக்கம் சாய்ந்தது.

களம் அலறியது. அடுத்த சுற்றும் தாண்டியது. அதற்கடுத்ததும்.

“போதும், எறங்கு!” என்று கத்தினார் நஞ்சம்மாள்.

“நிறுத்தத் தெரியலீங்கத்தெ!” என்று மேலிருந்து பதில் வந்தது.

தூரி அறுபடவில்லை. மறுநாளிலிருந்து ஊர்ப் பெண்கள் அதில் பாதி உயரம் ஆடிப் பழகினார்கள். யமுனாவின் தோள் மட்டும் மறுபடி வீங்கியது. மிளகுக் காலம் வரைக்கும் ஏறவே கூடாது என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடியோவைப் பார்த்தபோதுதான் அந்தக் கூத்து தெரிந்தது. யமுனா உச்சியை நெருங்கிய நேரத்தில் பானுமதிக்குக் கை ஆடி, போன் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. அந்தச் சுற்று முடிந்ததும் போனையே கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். யமுனா உச்சியைத் தாண்டியது படத்திலேயே இல்லை. குண்டூர் நாட்டில் அவள் அண்ணன் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஏம்மா, உன்ற மாமியா வாய்தான் தெரியுது. நீ எங்க?”

பானுமதி அழாத குறை. “தோளு சரியானதும் இன்னொருக்கா ஆடுக்கா. ஒழுங்கா எடுக்கறேன். அதயே இதுன்னு அனுப்பிரலாம்.”

“அது வேற, இது வேற பானு. அன்னைக்கு ஆடுனதுதான் அன்னைக்கு ஆடுனது.”

அந்த வீடியோவையே காத்ரிக்கு அனுப்பினாள். முழு வட்டமாகக் கணக்கில் சேருமா என்று ஒரே கேள்வி. மாலையில் பதில் வந்தது. ‘நீ என் தோழி. நான் தனியாகச் சொல்லக் கூடாது. எங்கள் கிளப்பில் எல்லாரும் பார்க்க வேண்டும். பொறு.’ அதன் பிறகு புரட்டாசி போயிற்று, ஐப்பசி மழை போயிற்று. மார்கழிக் குளிரும் போயிற்று. யமுனா மறுபடி கேட்கவில்லை.

தையில் மிளகு பழுத்தது. முதல் நாள் யமுனா மூங்கிலைச் சாய்த்து, பழைய வேகத்தில் உச்சிவரை ஏறினாள். அந்தத் தோட்டத்தில் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

‘யமுனா, தாமதத்துக்கு மன்னிப்பு. கோடை முடிந்தால் எங்கள் கிளப் மூடிவிடும். வருஷக் கூட்டத்துக்கு நேற்றுதான் எல்லாரும் கூடினோம். படத்தைப் பல முறை பார்த்தோம். படத்தில் நீ இல்லை. உன் அத்தை இருக்கிறாள், உன் ஊர் இருக்கிறது. எல்லாத் தலையும் உன்னையே பார்த்தபடி வலது பக்கம் மேலே ஏறுகிறது. உச்சியில் நிற்கிறது. அத்தை வாயைத் திறக்கிறாள். நீ தாண்டாமல் இருந்தால் அந்தத் தலைகள் வந்த வழியே இறங்கியிருக்கும். ஆனால் எல்லாத் தலையும் ஒன்றாக இடது பக்கம் இறங்குகிறது. எங்கள் நடுவர் எழுந்து நின்றுவிட்டார். கணக்கில் சேரும் என்கிறார்.’