துரைக்கு இறங்காத கேரட்

அக்காவின் வீட்டில் கதவைச் சாத்துவதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள். கதவின் மேல்விளிம்பில் யாராவது உட்கார்ந்திருக்கலாம். அப்படி உட்காருகிறவர்களுக்காக ஒவ்வொரு கதவின் தலையிலும் பழைய துண்டை மடித்துப் போட்டிருக்கிறாள். மின்விசிறி சுவிட்சுகளின் மேல் கறுப்பு டேப். கிளிகள் கூண்டுக்குள் அடைந்த பிறகுதான் அந்த வீட்டில் காற்று வரும். டிவி ரிமோட்டில் ரப்பர் பொத்தான்கள் இல்லை. எந்தக் குழிக்குள் விரலை விட்டால் சத்தம் குறையும் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரிந்த வித்தை. மாமாவின் சட்டைகளில் பட்டன் தங்குவதில்லை என்று எல்லாவற்றிலும் அழுத்து பட்டன் தைத்தாயிற்று. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யப் போகிற இடங்களில் குனிந்தால் சட்டை படபடவென்று தானே திறந்துகொள்ளும்.

"நாலு கிளியைக் காப்பாத்தப் போயி என் மானம் பறக்குது" என்பார் மாமா. பிறகு ஒரு கிளி அவர் தோளில் வந்து உட்காரும். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அக்கா பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சுகள் டப்பா டப்பாவாக அவள் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு வரும். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி ஈறை வார்த்தெடுப்பாள். அதன்மேல் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக நடுவாள். பல்லின் சொந்தக்காரர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் நடை நின்றுவிடும்.

"அது என் பல்லு" என்பாள் என் காதருகில். "கீழ் வரிசையில ஒண்ணை லேசா திருப்பி வெச்சிருக்கேன் பாரு. ஒரே ஒழுங்கா வெச்சா பொய்ப்பல்லுன்னு காட்டிக் குடுத்துடும்டா. நெஜம்னா கொஞ்சம் கோணலா இருக்கணும்."

மாலையில் வீடு திரும்பியதும் நேராகக் குளியலறைக்குப் போய், பிளாஸ்டர் தூசியும் ரசாயன வாடையும் போகக் கைகால் கழுவி உடை மாற்றிய பிறகுதான் கூடத்துக்குள் வருவாள். கிளிகளின் மூச்சு மெல்லியது. எந்த வாடையும் அவற்றுக்கு ஆகாது. அதுவரை கூடம் சந்தைக்கடையாகக் கத்திக்கொண்டிருக்கும். கேட்டின் கொக்கி விழும் சத்தத்திலேயே அவள் வந்துவிட்டது அவற்றுக்குத் தெரியும்.

"பல்லுப் போனா சொல்லுப் போச்சும்பாங்க" என்பார் மாமா, காதைப் பொத்திக்கொண்டு. "இதுங்களுக்குப் பொறந்ததிலேர்ந்தே பல்லு கெடையாது. வாய் ஓயுதா பாரு."

வக்கீலும் வக்கீலம்மாவும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவிடம் இருக்கிற பச்சைக் கிளி ஜோடி. வக்கீல் எதற்கும் மறுத்துப் பேசும். வக்கீலம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஒரு கொத்து கொத்தும். தவசி, பட்டம் விடும் நூலில் சிக்கி ஒரு காலை இழந்து அக்காவிடம் வந்து சேர்ந்தது. எந்நேரமும் ஒற்றைக்காலில் கண்மூடி நிற்கும். எதிர்பார்க்காத நேரத்தில் இறங்கி வந்து தவத்துக்குச் சம்பந்தமில்லாத வேலைகளைச் செய்யும்.

நாலாவது, துரை. சாம்பல் நிறம், பருத்த உடம்பு. ஒரு ஜெராக்ஸ் கடையில் வளர்ந்தது. கடைக்காரர் கடையை மூடிவிட்டு வெளிநாட்டுக்குப் போனபோது, கூண்டும் கிளியும் ஒரு மூட்டை சூரியகாந்தி விதையும் அக்கா கைக்கு வந்தன. துரைக்குப் பேச்சு வராது. கோபம் வந்தால் ஜெராக்ஸ் இயந்திரம் தாளை உள்ளிழுத்துத் துப்புகிற சத்தம் போடும். மற்ற கிளிகளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விதையைத் தவிர வேறெதையும் தொடாது. ஆப்பிள் வைத்தால் ஆப்பிளைக் காலால் தள்ளிவிட்டு அது இருந்த இடத்தை முறைக்கும்.

"துரைக்கு இதெல்லாம் இறங்காதாம்" என்று அக்கா சிரிப்பாள். அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது.

ஒருநாள் துரை மேல்கம்பிக்குத் தாவி, எட்ட முடியாமல் கீழே விழுந்து, எழுந்து மூச்சு வாங்கியது. அக்காவும் நானும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா அதன் வயிற்று இறகை ஊதி விலக்கிப் பார்த்தார். தோலுக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது.

"கல்லீரல் வீங்கியிருக்கு. இப்படியே வெறும் விதையா தின்னா ரொம்ப நாள் தாங்காதும்மா. காய்கறி, கீரைக்கு மாத்தியே ஆகணும். ஆனா விதையைச் சட்டுனு நிறுத்திடாதீங்க. பழகாத பொருளை அது சாப்பாடுன்னே நெனைக்காது. எதிர்ல காய் குவிஞ்சு கெடந்தாலும் பட்டினி கெடக்கும்."

"மத்த மூணும் நல்லா திங்குதே டாக்டர். பாத்துக் கத்துக்காதா?"

"மனுஷங்க கையில வளந்தது. தன்னைக் கிளின்னே நெனச்சிருக்காது. நீங்கதான் அதோட கூட்டம். நீங்க திங்குறதைப் பாத்தாத்தான் திங்கும்."

அன்றிலிருந்து எங்கள் சாப்பாடு மாறியது. துரையின் கூண்டுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து பச்சைக் கேரட்டைக் கடித்தோம். உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் தின்றோம். கீரையைத் தண்டோடு மென்றோம்.

"ஆஹா" என்பாள் அக்கா. "என்னா இனிப்பு! என்னங்க, நீங்களும் சொல்லுங்க."

"ஆஹா" என்பார் மாமா, தூக்குத் தண்டனைக் கைதியின் குரலில்.

"மூஞ்சி சிரிக்கட்டும். அது மூஞ்சியப் பாக்குது."

"மாடு மாதிரி மேயுறேன். மாடு சிரிச்சு நீ பாத்திருக்கியா?"

நல்ல துண்டாகப் பொறுக்கி ஆளுக்கொன்று துரையிடம் நீட்டுவோம். அது அலகை மூடிக்கொண்டு, விருந்தாளி கிளம்பக் காத்திருப்பதுபோல் எங்கோ பார்க்கும். விதைக் கிண்ணம் வந்ததும்தான் திரும்பும்.

இப்படியே நாட்கள் போயின. அக்கா பேசுவது குறைந்தது. பிறகு அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது.

விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையில் வெள்ளை முள்ளங்கியும் தன் மெழுகுக் கத்தியுமாக உட்கார்ந்தாள். விரல்நக அளவுத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றையும் சூரியகாந்தி விதையாகச் செதுக்கினாள். ஒரு முனை கூர், மறுமுனை மழுங்கல். கறுப்புத் திராட்சைத் தோலை நசுக்கி, அந்தச் சாற்றை ஊசிமுனையால் தொட்டுக் கோடு கோடாக இழுத்தாள். ஒன்றிரண்டில் நுனியை வேண்டுமென்றே உடைத்தாள். எல்லாம் காய்ந்ததும் நிஜ விதைகளோடு கலந்து தட்டில் பரப்பினாள். மாமா வந்தார். ஒன்றை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துத் தோலை உடைக்கப் பார்த்தார்.

"அடிப்பாவி!" என்றார். அன்று அக்கா முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைத்தாள். துரை வந்தது. ஒரு விதையை எடுத்து நாக்கால் உருட்டி, பிளவு எங்கே இருக்கிறதென்று தேடி, அழுத்தியது. தோல் உடையும் சத்தம் வரவில்லை. அலகு ஈரமாக உள்ளே இறங்கியது. துரை அதைக் கீழே போட்டது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் விதையைப் பார்த்தது. பிறகு அதே கண்ணால் அக்காவைப் பார்த்தது. காலைத் தூக்கிக் கிண்ணத்தை ஒரே தள்ளாகக் கவிழ்த்தது.

அதற்குப் பிறகு துரை நிஜ விதையையும் தொடவில்லை.

புதுக் கிண்ணம் வைத்தோம், விதையை எங்கள் வாயால் உடைத்துக் காட்டினோம். அது கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. மறுநாள் டாக்டரம்மா ஊசியில்லாத சிரிஞ்சில் கஞ்சி ஊட்டக் கற்றுக்கொடுத்தார்.

"இதை வெச்சுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். எப்பவும் ஓட்ட முடியாது. அதுவா ஒரு வாய் எடுத்தாத்தான் பொழைக்கும்."

துண்டில் சுருட்டிப் பிடித்து ஊட்டும்போது துரை கத்தவில்லை, கடிக்கவும் இல்லை. நடுங்கியது. ஊட்டி முடிந்ததும் அக்கா சிரிஞ்சைக் கழுவிக்கொண்டு அடுப்படியில் நெடுநேரம் நிற்பாள்.

"ஊர்ல பாதிப்பேர் நான் செஞ்சதை நம்பித்தான் கடிச்சு மெல்றாங்க" என்றாள் ஒருமுறை, குழாயைப் பார்த்தபடி. "இதுவும் என்னை நம்பித்தான் வாயில வெச்சுது."

மாமா அவள் கையிலிருந்த சிரிஞ்சை வாங்கி உலர வைத்தார்.

அந்த வாரத்தில்தான் மாமாவின் தம்பி வந்தார். லாரி ஓட்டுகிறவர். வண்டி கியர்பாக்ஸ் போய்ப் பட்டறையில் நிற்க, சரியாகும்வரை அண்ணன் வீடு. கிளிகள் என்றால் அவருக்கு ஆகாது. உள்ளே வரும்போதே தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்.

"அண்ணி, சாப்பாடு போடுங்க. ரெண்டு நாளா வெந்தும் வேகாம தின்னு நாக்கு செத்துப் போச்சு."

அக்கா போட்டாள். உப்பில்லாத பீன்ஸ், கேரட், கீரை.

"ஆஸ்பத்திரியா அண்ணி இது?"

"துரைக்காக எல்லாரும் இதைத்தான் சாப்பிடுறோம்."

"அவரு எதைத் திங்குறாரு?"

"ஒண்ணும் திங்கல" என்றாள் அக்கா. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பசி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை மடிக்கு அருகே இழுத்தார். இடக்கையைத் தட்டைச் சுற்றி வேலிபோல் வளைத்துக்கொண்டார். ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவர். அந்த வேலி அந்த நாளில் போட்டது.

"இன்னும் அந்தக் கையை எடுக்கலையாடா நீ?" என்றார் மாமா.

"உன் பக்கத்துல உக்காந்து வளந்தவன் எப்படி எடுப்பான்? என் முட்டையெல்லாம் உன் வயித்துலதான இருக்கு."

மாமா பழைய ஞாபகத்தில் தட்டை நோக்கி விரலை நீட்டினார். தம்பி அதைத் தட்டிவிட்டார். மாமா மறுபக்கம் வந்தார். தம்பி தட்டோடு சுழன்றார். நரைத்த தலைகள் இரண்டும் ஒரு கேரட்டுக்காக மல்லுக்கட்டின.

கூண்டுக் கதவு திறந்துதான் இருந்தது. சுவரைப் பார்த்து நின்ற துரை எப்போது திரும்பியது என்று நாங்கள் கவனிக்கவில்லை. தரையில் நகம் படும் டக் டக் சத்தம் கேட்டுத்தான் பார்த்தோம். பறக்க முடியாத துரை, நடந்து வந்துகொண்டிருந்தது. லாரிக்காரரின் முதுகுப் பக்கமாகச் சுற்றி வந்து முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்தது. ஒரு கேரட் துண்டைக் கவ்வியது.

"ஏய்! திருட்டுப் பயலே! குடுடா!"

துரை அரக்கப்பரக்கப் பின்வாங்கி, துண்டை ஒரு காலில் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகக் கடித்தது. மென்றது. விழுங்கியது. பிறகு ஜெராக்ஸ் இயந்திரம் தாளை இழுக்கிற சத்தத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த துண்டுக்கு வந்தது.

"அண்ணி, இதைப் பிடிங்க அண்ணி! என் தட்டு!"

அக்கா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். "விடாதீங்க தம்பி" என்றாள். "குடுத்துடாதீங்க. நல்லா மறைங்க."

"மறைக்கிறேனே, கேக்குதா பாருங்க!"

நாங்கள் எல்லோரும் கொடுத்துக்கொண்டே இருந்தோம். யாரும் கொடுக்க மறுத்ததில்லை. பிடுங்கத் தகுந்த ஒரு வாய்ச் சாப்பாட்டை அன்றுதான் துரை அந்த வீட்டில் பார்த்தது.

அடுத்த சில நாட்கள் லாரிக்காரர் வேளை தவறாமல் தரையில் உட்கார்ந்தார். துரை வேளை தவறாமல் திருடியது. பீன்ஸ் போனது, கீரை போனது. சிரிஞ்ச் அலமாரிக்குள் போயிற்று. திட்டித் திட்டியே அவருக்கு அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. ஒருநாள் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, "இந்தாடா செல்லம்" என்று நீட்டினார். துரை அலகை மூடிக்கொண்டு எங்கோ பார்த்தது.

"கெடுத்தீங்க போங்க" என்றாள் அக்கா. "உங்களை யாரு நல்லவரா இருக்கச் சொன்னது?"

லாரி சரியாகிவிட்டதென்று பட்டறையிலிருந்து போன் வந்தது. இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா கேட்டாள். அவர் இருந்தார். அதற்கடுத்த நாள் சரக்கு காத்திருந்தது.

அவர் போன அன்று மாமா தட்டோடு உட்கார்ந்து பார்த்தார். துரை நடந்து வந்தது. மாமாவால் முடியவில்லை, கை தானாக விலகி வழிவிட்டது. துரை தட்டைப் பார்த்தது, மாமாவைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

"எந்திரிங்க" என்றாள் அக்கா.

தெருவில் அடிபட்டுக் கிடக்கிற எதையும் முந்தானையில் ஏந்தி வருகிறவள், தன் பங்கை அடுத்தவர் தட்டில் தள்ளிவிட்டே பழகியவள், கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். தட்டை மடியருகே இழுத்தாள். இடக்கையைச் சுற்றி வளைத்தாள். கைக்கு அது புதிது. விரல்கள் தட்டின் விளிம்பில் தடுமாறின. துரை பக்கம் முகத்தைத் திருப்பாமல் பீன்ஸைத் தின்றாள். ஆஹா என்று சொல்லவில்லை.

மாமாவும் நானும் அடுப்படியில் நின்றோம்.

டக் டக்கென்று நகச் சத்தம். முழங்கைக்குக் கீழே சாம்பல் தலை. அக்கா புறங்கையால் அதைத் தள்ளினாள்.

"போ. இது என்னுது."

துரை நின்றது. மறுபடி வந்தது. அவள் மறுபடி தள்ளினாள், இம்முறை கொஞ்சம் பலமாக. துரை கையின்மேல் ஏறி, அந்தப் பக்கம் குதித்து, தட்டுக்கு நடுவிலேயே நின்று ஒரு பீன்ஸைக் கவ்வியது.

"திருட்டுப் பய" என்றாள் அக்கா.

"இன்னும் கோவமா சொல்லு" என்று மாமா அடுப்படியிலிருந்து கிசுகிசுத்தார். "அது போயிடப் போகுது."

"திருட்டுப் பய" என்றாள் மறுபடியும், தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.