எனக்கு மட்டும் வராத வாடை

போன வருடம் மாசி மாதம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அரிசி ஆலை வாசலில் நடந்தது இது. சரக்குகளைக் கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொடுப்பது என் தொழில். எந்தச் சரக்குக்கு எந்த கன்டெய்னர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இறாலுக்குக் குளிரூட்டிய பெட்டி, வெங்காயத்துக்குக் காற்றோட்டமான பெட்டி, பெரிய இயந்திரம் என்றால் மேல்பக்கம் திறக்கிற பெட்டி. அரிசிக்குச் சாதாரணப் பெட்டியே போதும். ஆனால் அதில் ஈரமோ ஓட்டையோ வாடையோ இருக்கக் கூடாது, ஏனென்றால் அரிசி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். இதை எத்தனையோ பேருக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். அந்தத் திமிரோடுதான் அன்றும் போனேன்.

அந்த ஊரில் சில குடும்பத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து, குத்தகை நிலத்தில் மருந்து அடிக்காமல் தூயமல்லி என்ற பாரம்பரிய நெல்லை விளைவித்திருந்தார்கள். மலேசியாவில் ஒரு முருகன் கோயிலில் பங்குனி உத்திர அன்னதானத்துக்காக அதை வாங்கியிருந்தார்கள். இவர்களுடைய அரிசி கடல் தாண்டுவது அதுதான் முதல் தடவை. குழுவை நடத்தியவருக்கு என் வயதுதான் இருக்கும். முதல் மூட்டைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டு, ‘நம்ம அரிசி முருகனுக்குப் போவுது’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

லாரி வந்ததும் வழக்கம்போல் நான் காலிப் பெட்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தச் சொன்னேன். இருட்டில் எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை என்று அர்த்தம். எங்கும் தெரியவில்லை. தரையைத் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. ஏற்றலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

தங்கள் அரிசி போகிற இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தப் பெண்ணும் ஏறினார். போன வேகத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

“சார், உள்ள கருவாட்டு வாடை அடிக்குதுங்க.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் தரங்கம்பாடிப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். அம்மா கருவாடு காயவைத்து விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் இப்படித்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை விட்டுத் தள்ளி உட்கார்வார்கள். பெரியவனான பிறகு, எந்த ஊர் என்று யார் கேட்டாலும் மயிலாடுதுறை என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வேன். அன்றைக்கு அவர் பெட்டியைச் சொன்னது என் காதில் விழவில்லை. எப்படியோ என் பூர்வீகம் தெரிந்துகொண்டு குத்திக்காட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

“தொழில் தெரிஞ்சவன் நானா, நீங்களா? உங்க மூக்குலதான் கோளாறு. மூட்டைய ஏத்துங்கப்பா” என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. லாரி புறப்படும்போது வழியனுப்பக்கூட வரவில்லை.

கப்பல் மலேசியா போய்ச் சேர்ந்ததும் கோயிலிலிருந்து போன் வந்தது. பெட்டியைத் திறந்ததுமே சமையல்காரர்கள் பின்வாங்கிவிட்டார்களாம். மூட்டைக்கு மூட்டை கருவாட்டு வாடை. சாமிக்குப் படைக்கிற அரிசி, அடுப்பில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, அன்னதானத்துக்கு அங்கேயே வேறு அரிசி வாங்கிக்கொண்டார்கள். பெட்டியின் முந்தின சரக்கு என்ன என்று அதன் பிறகுதான் விசாரித்தேன். கருவாடுதான். பிறந்ததிலிருந்து சுவாசித்த வாடை என்பதால் என் மூக்குக்கு அது வாடையாகவே தெரியவில்லை.

நஷ்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அதை போனில் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை. நேரில் போனேன். அவர் வயலில் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா கருவாடு விற்றதையும் சேர்த்து. வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

“அந்த அரிசிய என்னங்க பண்ணாங்க?” என்று மட்டும் கேட்டார்.

கோழித் தீவனத்துக்குப் போய்விட்டது என்றேன். கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

“நான் ஒங்கள சொல்லலைங்க, பெட்டியத்தான் சொன்னேன்” என்றார் கடைசியில். “கருவாடு நாங்களுந்தான் திங்கிறோம். சாமிக்குப் போற அரிசியாச்சேன்னுதான் சொன்னேன்.”

எனக்கு அப்படியே வாய்க்காலில் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

இப்போதெல்லாம் அரிசி ஏற்றுவதற்கு முன் பக்கத்தில் நிற்கிற யாரையாவது கூப்பிட்டு, “நான் கருவாடு வித்தவங்க புள்ள, எனக்கு அந்த வாடை தெரியாது, நீங்க ஏறிப் பாருங்க” என்று சொல்லிவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கருவாடு விற்றவர் பிள்ளை என்பதில் அன்றைக்கு நான் கூச்சப்பட்டுக் கத்தியதால்தான் முருகனுக்கென்று மஞ்சள் வைத்த அரிசி கோழிக்குப் போனது என்று நினைக்கும்போது, இன்றும் என் தலை தானாகக் குனிகிறது.